பொலன்னறுவைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக்கு இலங்கை செல்லும் நம்மூர்க் குடும்பங்கள் பல கொழும்பு, கண்டி, நுவரெலியாவோடு திரும்பிவிடுகின்றன. தங்கள் பயணப் பகுதி பொலன்னறுவையையும் மின்னேரியாவையும் விரிவாக அறிமுகப்படுத்த வேண்டுகிறேன்.

சோழர்கள் ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்ட பொலன்னறுவையில், வானவன்மாதேவி ஈச்சரம் என்னும் கற்கோயில் இன்றும் சிகரத்தோடு நிற்கிறது. அதே நகரில், புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்ட கோயிலின் காவலை வேளைக்காரர் என்னும் கூலிப்படையினர் ஏற்றுக்கொண்டதைக் கூறும் தமிழ்க் கல்வெட்டை எங்கள் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் பார்த்தார்கள் (பெரியவர்களுக்கும் அது எளிதில் பிடிபடவில்லை என்பது வேறு விஷயம்). இடிபாடுகளுக்கிடையே திரியும், இத்தீவுக்கே உரிய குரங்கினத்தை 1968 முதல் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள் என்பதும் நம்மில் பலர் அறியாதது.

மகாசேன மன்னன் 3ஆம் நூற்றாண்டில் கட்டிய மின்னேரியா குளத்தில், ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நீர் வற்றி இளம்புல் முளைக்கும்போது, சுற்றுக்காடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான யானைகள் திரள்கின்றன. ஆனால், குட்டிகளோடு மேயும் கூட்டத்தை ஜீப்புகள் மூன்று பக்கமும் மறித்து நின்றதைக் கண்டு வருந்தினோம். அருகில் போகச் சொல்லி ஓட்டுநர்களை நெருக்குவது பெரும்பாலும் பயணிகளே. ஆகவே, தூரத்திலிருந்து பார்க்கும்படியும், குரங்குகளுக்குத் தின்பண்டம் வீசாதிருக்கும்படியும் அக்கட்டுரையிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இப்படிக்கு,
வாசகர்,
திருச்சிராப்பள்ளி