வாலட்டில் பணம் போகவில்லை என்றால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. வெளிநாட்டு ஹோட்டல் கவுன்ட்டரில், கார்டைச் சேர்த்து வைத்திருக்கும் வாலட் ஆப்பால் பணம் கட்ட போனை மெஷினில் திரும்பத் திரும்ப வைத்தும் பணம் போகவில்லை, பின்னால் ஆட்கள் நின்றார்கள் என்று சொன்னபோது உன் குரலே சரியில்லை. அந்த அவசரத்தில் எதையும் விளக்க முடியவில்லை. நீ இன்னும் பல ஊர் போக வேண்டியவள், அதனால் நிதானமாக எழுதுகிறேன். வங்கியில் கார்டு பிரிவில் இருந்த காலமெல்லாம் நான் கேட்ட புகார் இதுதான்.

பணம் போகவில்லை என்றால் உடனே மறுபடி போனை வைக்காதே. எங்கே நின்றது என்று முதலில் பார். போனிலா, கடைக்காரரின் மெஷினிலா, வங்கியிலா?

மெஷின் பக்கத்தில் கொண்டுபோயும் போன் அசையவே இல்லை, கார்டு படம் திரையில் வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் போன் பக்கம்தான். போனும் மெஷினும் தொடாமலே பேசிக்கொள்ளும் குறுந்தூர ரேடியோவை என்எஃப்சி என்போம், அது வேலை செய்வது 4 சென்டிமீட்டர் தூரத்துக்குள். ஐபோன் என்றால் மேல் விளிம்பைக் காட்ட வேண்டும். ஆண்ட்ராய்டில் பல போன்களுக்கு முதுகின் நடுப்பகுதி. உறையில் உலோகத் தகடு இருந்தால் கழற்றிவிட்டு வைத்துப் பார். என்எஃப்சி ஆனில் இருக்கிறதா, எந்த வாலட்டை முதன்மையாக வைத்திருக்கிறாய் என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்.

உனக்கு நடந்தது வேறு. போனில் டிக் வந்தது, மெஷின் மறுத்தது. அந்த டிக்கை நம்பித்தான் நிறைய பேர் கடைக்காரரிடம் வாதாடுகிறார்கள். போன் தன் பங்கை அனுப்பிவிட்டது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. வங்கி சம்மதித்ததா என்பது மெஷினின் திரையிலும் ஸ்லிப்பிலும்தான் தெரியும். அதனால் மறுத்த ஸ்லிப்பைக் கேட்டு வாங்கு. சில மெஷின்கள் அதில் இரண்டு இலக்க எண் ஒன்றை அச்சடிக்கும். 51 என்றால் கணக்கில் பணமோ வரம்போ போதவில்லை. 57 என்றால் அந்தக் கார்டுக்கு அந்த வகைப் பரிவர்த்தனை அனுமதிக்கப்படவில்லை. வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாடு ஆஃப் ஆக இருக்கிறதா என்று பார். 91 என்றால் வங்கியின் கணினியை எட்ட முடியவில்லை, சற்றுப் பொறுத்து முயலலாம். 05 வந்தால் வங்கி காரணம் சொல்லாமல் மறுத்துவிட்டது. பழக்கமில்லாத நாட்டிலிருந்து வரும் முதல் செலவைப் பார்த்து மோசடித் தடுப்பு முறை சந்தேகப்பட்டாலும் இப்படி வரும். அந்த நேரத்தில் மேலும் மேலும் வைத்தால் சந்தேகம்தான் கூடும், கார்டையே முடக்கிவிடலாம். வங்கி ஆப்பைத் திற. "இது நீங்கள்தானா" என்று கேட்டிருந்தால் ஆம் என்று சொல்லிவிட்டு, அப்புறம் ஒரே ஒரு முறை முயற்சி செய்.

அந்தக் கேள்வி பல வங்கிகளில் எஸ்எம்எஸ்ஸாக, உன் பழைய எண்ணுக்குத்தான் வரும். போன தடவை பேசியபோது உள்ளூர் சிம் வாங்கிவிட்டேன், பழையதைக் கழற்றி வைத்துவிட்டேன் என்றாய். எனக்கு மனசு கேட்கவில்லை பாப்பா, தயவுசெய்து அதை மறுபடி போடு. டேட்டாவுக்கு இசிம், அதாவது போனுக்குள்ளேயே பதிவாகும் சிம், வைத்துக்கொள். பழைய சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு எஸ்எம்எஸ் மட்டும் வரும்படி விடு. போனை மெஷினில் வைக்கும் அந்த நொடியில் போனுக்கு இணையம் தேவையில்லை. வங்கியோடு பேசுவது மெஷினின் லைன். ஆனால் ஆண்ட்ராய்டு என்றால் அவ்வப்போது நெட்டில் சேர்த்துவிடு, வாலட் பணம் கட்டப் பயன்படுத்தும் ரகசியக் குறியீடுகளைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. சரியாக வரவில்லையே என்று கார்டை வாலட்டிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேர்க்காதே. சேர்க்கும்போது வங்கி உன்னைச் சரிபார்க்கும். ஓடிபி வராத இடத்தில் இருந்தால், இருந்ததும் போய்விடும். திரைப்பூட்டை எடுத்துவிட்டாலும் வாலட்டில் உள்ள கார்டுகள் நீங்கிவிடும், அதையும் தொடாதே.

வாலட்டில் இருப்பது உன் கார்டின் எண்ணே இல்லை, அந்தப் போனுக்கென்று கொடுத்த வேறொரு எண். டோக்கன் என்போம். நீ லண்டன் போகும்போது இது முக்கியம். அங்கே சுரங்க ரயிலில் ஏறும்போது போனை வைத்துவிட்டு இறங்கும்போது கார்டை வைத்தால், இரண்டும் ஒரே கணக்கானாலும் இரண்டு பயணிகள் என்றுதான் கணக்கிடும். இரண்டிலும் முடிவடையாத பயணம் என்று அதிகக் கட்டணம் பிடிக்கும். எதை வைத்து ஏறினாயோ அதை வைத்தே இறங்கு. கைக்கடிகாரத்துக்கும் தனி எண்தான்.

போன் வேலை செய்யாவிட்டால் கார்டைச் செருகிப் பின் எண்ணைப் போட்டுப் பார். அதுவும் நடக்காத கடைகள் உண்டு, சில மெஷின்கள் அந்த நாட்டுக் கார்டுகளை மட்டும்தான் ஏற்கும். அதில் உன் தவறு எதுவும் இல்லை. ஒரு வங்கியில் விசா, இன்னொரு வங்கியில் மாஸ்டர்கார்டு என்று இரண்டு வைத்துக்கொள், ஒன்றை அறையில் வை. கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும். எந்த நாணயத்தில் என்று மெஷின் கேட்டால் அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடு.

வங்கியின் கட்டணமில்லா எண் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கிடைக்காது. கார்டின் பின்பக்கம் பிளஸ் குறியோடு இருக்கும் எண்ணைக் காகிதத்தில் எழுதி வை. இணையத்தில் தேடி வரும் எண்ணுக்கு ஒருபோதும் கூப்பிடாதே, அங்கே போலிகள் நிறைய.

ஹோட்டலில் பிடித்த டெபாசிட்டையும் பார். அது செலவாகாவிட்டாலும், விடுவிக்கும்வரை உன் வரம்பைத் தின்றுகொண்டிருக்கும். நாளைக்கு இன்னொரு கடையில் 51 வந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். கடைக்காரர் வரவில்லை என்கிறார், உன் கணக்கில் பிடித்துவிட்டது என்றால் பயப்படாதே. முடிவாகாத தொகை பெரும்பாலும் சில நாளில் தானாகத் திரும்பும். திரும்பாவிட்டால் ஸ்லிப்போடு வங்கியில் புகார் கொடு. புகார் எண் கிடைத்ததும் எனக்கும் அனுப்பு, நான் இங்கிருந்தே விசாரிக்கிறேன்.

பத்திரமாக இரும்மா.

அன்புடன்,
அப்பா