வரவேற்பு விழாவுக்கு மறுநாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகள் திறக்கும்போதெல்லாம் வரவேற்பு விழாப் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. மேடையில் ஏழெட்டுப் பேர், எதிரே அரங்கு நிறையப் புதுமுகங்கள். அந்தப் புதுமுகங்களின் பதற்றம் ஒரு நாள் விழாவில் தணிந்துவிடாது. முதல் ஆறு வாரமும் கூடவே இருந்து செய்ய வேண்டிய வேலை அது. இதைக் கல்லூரி நிர்வாகங்களுக்கும் பெற்றோருக்கும் உங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதல் நாள் அரங்கில் உட்கார்ந்திருப்பவரின் மனதில் என்ன ஓடுகிறது? மதியம் யாரோடு சாப்பிடுவது, அறையில் கூடத் தங்கப்போகிறவர் எப்படிப்பட்டவர், நாளைக் காலை வகுப்பு எந்தக் கட்டடம், கழிப்பறை எந்தப் பக்கம். இவற்றுக்கு விடை தெரியும்வரை வேறெதுவும் தலையில் ஏறாது. அந்த நேரத்தில் நூலக விதி, தேர்வு விதி, உதவித்தொகை, ஒழுங்கு நடவடிக்கை என்று பத்துத் துறையினர் வரிசையாக வந்து பேசினால், மாலையில் ஒன்றும் நினைவிருக்காது. இரண்டு மாதம் கழித்து, "அன்றைக்கே சொன்னோமே" என்று அதே மாணவரைக் கடிந்துகொள்வது நியாயமில்லை.

எந்தத் தகவலையும் அது தேவைப்படும் நாளுக்கு நாலைந்து நாள் முன்னால் கொடுத்தால் போதும். முதல் நாளில் இடம், ஆள், நேர அட்டவணை. முதல் கட்டுரை எழுதச் சொல்லும் வாரத்தில் நூலகம். முதல் தேர்வுக்கு முந்தைய வாரத்தில், மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள், தேர்வன்று உடம்புக்கு முடியாமல் போனால் யாரிடம் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பவை. உதவித்தொகை மட்டும் விதிவிலக்கு. சான்றிதழ் வாங்க நாளாகும் என்பதால், கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே மாணவர்களைப் படிவத்தோடு உட்கார வைத்து, ஒவ்வொரு கட்டமாக நிரப்பச் சொல்லித் தர வேண்டும்.

கல்லூரி திறப்பதற்குப் பத்து நாள் முன்பே ஒரு தாள் அனுப்புங்கள். எந்த வாசல், எத்தனை மணி, என்னென்ன சான்றிதழ், ஒவ்வொன்றிலும் எத்தனை நகல், வழியில் தாமதமானால் எந்த எண்ணை அழைப்பது, எடுப்பவர் பெயர் என்ன. அவ்வளவுதான். நாற்பது பக்கக் கையேட்டை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. அதைவிட மோசம், விடுதி ஒரு நேரத்தையும் துறை ஒரு நேரத்தையும் அலுவலகம் வேறொரு நேரத்தையும் தனித்தனியே அனுப்புவது. ஒரே அலுவலகத்திலிருந்து ஒரே தாள் போக வேண்டும்.

வந்து சேர்ந்த பிறகு பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு சீனியர் என்று குழு பிரிப்பது நல்ல ஏற்பாடு. இரண்டாமாண்டு மாணவர்களே இதற்குப் பொருத்தம். முதலாண்டுத் தடுமாற்றம் அவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது, இறுதியாண்டு மாணவர்களைப் போல வேலை தேடும் நெருக்கடியும் இல்லை. தவறு நடப்பது தேர்வு செய்யும் இடத்தில். மதிப்பெண் பட்டியலின் மேல்வரிசையிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். நன்றாகப் படிப்பவர் நன்றாகக் காது கொடுப்பவராகவும் இருப்பார் என்று சொல்ல முடியாது. தேர்ந்தெடுத்தவர்களுக்கு இரண்டு அரைநாள் பயிற்சியாவது வேண்டும். எதற்கெல்லாம் வாக்குக் கொடுக்கக் கூடாது, எந்தக் கட்டத்தில் தன்னால் ஆகாது என்று பெரியவர்களிடம் கொண்டுபோக வேண்டும் என்பதே அதில் முக்கியம். வாரம் ஒரு முறை அரைமணி நேரம் அந்தச் சீனியர்களையும் யாராவது உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது வாரத்தோடு குழு கரைந்துவிடும். சீனியரைப் பற்றியே புகார் என்றால் யாரிடம் போவது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

1972-இல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர்களுக்கென்று 'யுனிவர்சிட்டி 101' என்ற பாடத்தைத் தொடங்கியது. அதற்கு இரண்டாண்டு முன்பு அந்த வளாகத்தில் பெரிய மாணவர் கொந்தளிப்பு நடந்திருந்தது. மாணவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே விழுந்த பிளவைச் சரிசெய்ய ஒரு நாள் கூட்டம் போதாது, பருவம் முழுக்கத் தொடர்ந்து சந்திக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்தப் பாடம் இன்றும் நடக்கிறது.

அந்தத் தொடர் சந்திப்பில் என்ன பேசுவது? "பயப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்" என்பதால் பயம் போகாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். 'இது நமக்கான இடமில்லையோ' என்ற எண்ணம் ஆரம்பத்தில் எல்லாருக்கும் வருகிறது, நாளடைவில் மறைகிறது என்று சீனியர்கள் சொன்னதை முதலாண்டு மாணவர்கள் படித்தார்கள். பிறகு தங்கள் அனுபவத்தை, அடுத்து வரப்போகிறவர்களுக்குச் சொல்வதுபோல எழுதிப் பேசினார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இடையே இருந்த மதிப்பெண் இடைவெளி அடுத்த மூன்றாண்டுகளில் பாதியாகக் குறைந்தது. இதையே 22 கல்லூரிகளில் செய்து பார்த்த ஆய்வு 2023-இல் வந்தது. மாணவர் ஒட்டிக்கொள்ள உண்மையிலேயே இடம் தருகிற கல்லூரிகளில்தான் பலன் இருந்தது என்கிறது அது. இடம் தராமல் ஆறுதல் மட்டும் சொல்லிப் பயனில்லை.

குழுவில் இதைச் செய்யும்போது சீனியரைப் பொதுப்படையாகப் பேச விடாதீர்கள். "எனக்கும் கஷ்டமாக இருந்தது" என்பதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. "முதல் மூன்று வாரம் பாடத்தில் பாதி புரியவில்லை, கை தூக்கிக் கேட்கக் கூச்சம், நாலாவது வாரம் வகுப்பு முடிந்ததும் பேராசிரியர் பின்னாலேயே போய் ஒரே ஒரு கணக்கைக் கேட்டேன்" என்றால் கேட்பவருக்கு அடுத்து என்ன செய்யலாம் என்று தெரிகிறது. பள்ளியில் ஒரு மொழியில் படித்துவிட்டு இங்கே வேறு மொழியில் பாடம் கேட்பவர்களுக்கும், வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கும் இது உயிர்நாடி. கிரெடிட், செமினார், அசைன்மென்ட் என்ற சொற்கள் எல்லாருக்கும் தெரிந்தவை என்று எண்ணிப் பேசும்போது அவர்கள் தலையாட்டுவார்கள், கேட்க மாட்டார்கள். அப்படிப்பட்ட முப்பது சொற்களுக்குப் பொருள் எழுதி முதல் வாரமே கையில் கொடுக்கலாம்.

பாடத்தில் பின்தங்குகிறவர்களுக்குத் தனி வகுப்பு வைத்தால் ஏன் கூட்டம் வருவதில்லை? 'பலவீனமான மாணவர்' என்ற பட்டியலில் பெயர் வருவதை யாரும் விரும்பமாட்டார்கள். மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் 1973-இல் டியானா மார்ட்டின் இதற்கு ஒரு வழி கண்டார். பின்தங்கும் மாணவரைத் தேடாமல் கடினமான பாடத்தைத் தேடினார். நிறையப் பேர் தவறும் பாடங்களுக்கு, முன்பே அதில் தேறிய மாணவர் ஒருவர் வாரந்தோறும் குழுப் பயிற்சி நடத்துவார், யார் வேண்டுமானாலும் வரலாம். கெட்டிக்காரரும் வருவதால் வருகிறவருக்குக் கூச்சமில்லை. பெரிய செலவும் பிடிக்காது.

இனி ஆலோசனை அறை. பல இடங்களில் அது முதல்வர் அறைக்கு அடுத்த கதவு. உள்ளே போனால் மேசையில் ஒரு படிவம்: பெயர், வகுப்பு, பதிவெண், கீழே 'வந்த காரணம்' என்று இரண்டு வரி இடம். பின்னால் நிற்பவர் எட்டிப் பார்க்கும் தூரத்தில் நின்று அந்த இரண்டு வரியில் எதை எழுதுவது? 'தலைவலி' என்று எழுதிவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். அறையை நூலகம் போல எல்லாரும் நடமாடும் இடத்துக்கு மாற்றுங்கள். இரண்டாவது வாரத்தில் ஒவ்வொரு குழுவையும் அழைத்துப்போய், கதவைத் திறந்து, நாற்காலியில் உட்காரவைத்து, ஆலோசகர் தம் பெயரைச் சொல்லி ஐந்து நிமிடம் பேசட்டும். ஒரு முறை திறந்த கதவை இரண்டாம் முறை தனியே திறப்பது எளிது. இங்கே சொல்வது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வேறொருவரைச் சேர்த்துக்கொள்வோம் என்ற வரம்பையும் அப்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நான்காவது வாரங்களில் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். தொடர்ந்து மூன்று வகுப்புக்கு வராதவரை, மதிப்பெண் வரும்வரை காத்திருக்காமல் ஒருவர் அழைத்துப் பேச வேண்டும். "ஏன் வரவில்லை?" என்று தொடங்கினால் காரணம் கற்பிப்பார்கள். "மூன்று நாளாகக் காணவில்லையே, எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால் பேச்சு வரும். தூக்கம் கெட்டிருக்கிறதா, சாப்பாட்டைத் தவிர்க்கிறாரா, அறையைவிட்டு வெளியே வருகிறாரா என்று விசாரியுங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ, தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிட்டாலோ, "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பிறகு தனியே விடாமல், கூடவே நடந்துபோய் ஆலோசகர் கையில் ஒப்படையுங்கள். தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்புவது அந்த நேரத்துக்குப் போதாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாளைக்கு ஐந்து முறை அழைப்பதைவிட, இருவரும் பேசிவைத்த ஒரு நேரத்தில் பத்து நிமிடம் பேசுங்கள். "எல்லாம் சரியா?" என்றால் "சரி" என்றுதான் பதில் வரும். "இன்றைக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்?" என்று கேளுங்கள்.

ஆலோசகரே இல்லாத சிறு கல்லூரியிலும் இதில் பாதியைச் செய்யலாம். பொறுமையுள்ள ஓர் ஆசிரியர், வாரத்தில் இரண்டு நிலையான நேரம், மணி அடித்தால் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி. மனச்சுமை பெரும்பாலும் இரவில்தான் கனக்கும். பிரிட்டனின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1970-இல் தொடங்கப்பட்ட 'நைட்லைன்' இரவுத் தொலைபேசிச் சேவை அந்த நேரத்துக்காகவே வந்தது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் இரவு பதினொரு மணிக்கு நீங்களே ஒரு முறை அழைத்துப் பாருங்கள். யாராவது எடுத்தால் மட்டும் அச்சடியுங்கள். அந்தத் தாளை விடுதி அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வராந்தாவில் ஒட்டினால், நின்று படிப்பதை மற்றவர்கள் பார்ப்பார்களே என்று யாரும் நின்று படிப்பதில்லை.

இப்படிக்கு,
மாணவர் நலப் பணியில் இருப்பவர்கள்