தேர்ச்சி அட்டைக்கு அப்பாலும் பேசுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைக்கு நாலு பேரோடு பழகத் தெரியவில்லை என்ற பேச்சு எழுந்தாலே வீடு பள்ளியைக் கைகாட்டுகிறது, பள்ளி வீட்டைக் கைகாட்டுகிறது. இருவரும் ஒரே வேலையைச் செய்வதாக நினைப்பதால் வரும் வழக்கு இது. வீட்டில் பிள்ளையின் இடம் பிறப்பாலேயே உறுதி. முகம் வாடினால் விதி கொஞ்சம் வளையும். வகுப்பிலோ எல்லோருக்கும் ஒரே விதி. இந்த இடமாற்றத்தைத்தான் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் 1959-இல் பள்ளி வகுப்பு பற்றிய கட்டுரையில் விளக்கினார். வீடு இன்னொரு வகுப்பறையாக மாறத் தேவையில்லை.

வீட்டில் தவறுவது பெரும்பாலும் அவசரத்தால். இரண்டு வயதுக் குழந்தைகள் அருகருகே அமர்ந்து தனித்தனியே விளையாடுவது இயல்பு. கூடித் திட்டமிட்டு விளையாடுவது நாலு வயதையொட்டித்தான் வலுப்படும். குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே இந்தப் படிநிலைகளை வகுத்துவிட்டார். அப்படியிருக்க, இரண்டு வயதுக் கையிலிருந்து பொம்மையைப் பிடுங்கி அடுத்த குழந்தைக்குக் கொடுத்தால், வலுத்தவர் பிடுங்கலாம் என்பதே மனதில் பதியும்.

'மன்னிப்புக் கேள்' என்று அதட்டுவதும் அப்படித்தான். வாய் சொல்லும், மனம் கேட்காது. முதலில் சண்டையிட்ட இருவரையும் விலக்கி, அழுகை அடங்கும்வரை பொறுங்கள். பிறகு நடந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: "நீ தள்ளினாய், அவன் முழங்கால் சிராய்த்தது, அவனுக்கு வலிக்கிறது." அடுத்து, சரிசெய்ய என்ன செய்யலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதும் மன்னிப்புதான். கோபம் தணியுமுன் இதைத் தொடங்கினால் எதுவும் காதில் ஏறாது.

பள்ளியும் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்ட ஒரு விநாடியிலேயே பதிலை எதிர்பார்த்தால் அதே நாலைந்து பேர்தான் கை தூக்குவார்கள். மூன்று விநாடி காத்திருந்தால் ஒதுங்கியிருப்பவர்களும் பேசுகிறார்கள், பதில்களும் நீள்கின்றன. கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவின் ஆய்வுகள் காட்டியது இதைத்தான்.

பெற்றோர் கூட்டத்தில் கிடைக்கும் சில நிமிடங்களும் மதிப்பெண்ணிலேயே கரைகின்றன. அது அட்டையிலேயே இருக்கிறதே! யாரோடு விளையாடுகிறாள், தோற்றால் என்ன செய்கிறாள், உதவி வேண்டுமென்றால் யாரிடம் போகிறாள் என்று கேளுங்கள். ஒரே ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து, மூன்று நான்கு வாரம் இரு இடத்திலும் ஒரே சொற்களில் சொல்லுங்கள். 'அடித்தால் திருப்பி அடி' என்று வீடும், 'ஆசிரியரிடம் வந்து சொல்' என்று பள்ளியும் சொன்னால், யார் பார்க்கிறார்களோ அதற்கேற்ப நடந்துகொள்ளப் பிள்ளை பழகிவிடும். பள்ளியின் விதி தவறென்று தோன்றினால் ஆசிரியரிடம் நேரில் கேளுங்கள். பிள்ளை முன்னால் வேண்டாம். எட்டு வயதைத் தாண்டிய பிள்ளையாக இருந்தால், கூட்டத்தின் கடைசி இரண்டு நிமிடம் உள்ளே அழைத்து, எடுத்த முடிவை அவளிடமும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர்