சத்தி வரட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சுன்னாகம் சந்தைப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் 16 வருடமாக நிற்கிறேன். கர்ப்பம் பார்க்கும் கிட் வாங்க வருகிற பெண்ணை வாசலிலேயே தெரிந்துவிடும். முதலில் பனடோல் கேட்பாள். கடையில் ஆம்பிளைகள் நின்றால் சோப் விலை விசாரிப்பாள். எல்லோரும் போன பிறகு, குரலே வெளியில் வராமல், "அக்கா, அந்தச் செக் பண்ணுறது ஒண்டு..." நானும் பழைய பேப்பரில், அனேகமாக உங்கள் பத்திரிகையில்தான், சுற்றிக் கொடுத்துவிடுவேன்.

இவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வெட்கப்பட்டாலும் நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். நான் எழுத வந்தது கேஸ்றிக் குளிசை கேட்டு வருகிறவர்களைப் பற்றி.

போன வருடம் மாசியில் ஒரு தங்கச்சி, தையல்கடையில் வேலை செய்கிறவள், இரண்டு கிழமைக்குள் மூன்று தரம் வந்தாள். முதல் தரம் நெஞ்செரிவு. அடுத்த தரம் விடிய எழும்பினால் ஓங்காளம். இரண்டு தரமும் கேட்டதை எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் தரம், "மாமி கருவாடு பொரிச்சா வீட்டுக்குள்ள நிக்கேலாமக் கிடக்கக்கா, முந்தி நான் அதுக்கு அடிபடுறனான்" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாதச் சுகயீனம் எப்போது வந்தது என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணினாள். பிறகு, "பொங்கலண்டு நான் கோயிலுக்குப் போகேல்லையக்கா" என்றாள். இடையில் ஒரு நாள் கொஞ்சமாகப் பட்டதாம், அதையே வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். கணக்குப் பார்த்தால் ஏழு கிழமை.

பிள்ளை ஐப்பசியில் சுகமாகப் பிறந்தது. ஆனால் அந்த இரண்டு கிழமை என் கையால் போனது. கரு உண்டாகி 28 நாளளவில், அதாவது கடைசி மாதவிடாயின் முதல் நாளில் இருந்து எண்ணினால் ஆறு கிழமையில், பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகிற குழாய் மூடிவிடும். அந்தக் குழாய் சரியாக மூட உதவுகிற போலிக் அமிலக் குளிசை அதற்கு முதலே உடம்பில் இருக்க வேண்டும். எட்டுக் கிழமைக்குள் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதுதான் எங்கள் மிட்வைஃப் அம்மாவிடம், பதியச் சொல்வதும் சும்மா இல்லை. எங்கள் ஆட்களோ கண்ணூறு பட்டுவிடும் என்று மூன்று மாதம் வாய் திறப்பதில்லை. சரி, ஊருக்குச் சொல்ல வேண்டாம். மிட்வைஃப் அம்மாவுக்குச் சொன்னால் ஊருக்குச் சொன்னதாகுமா?

நாடகங்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினால் மாமியார் சிரிப்பார். அதைப் பார்த்துப் பழகி, சத்தி எடுத்தால்தான் பிள்ளைத்தாச்சி என்று நினைக்கிறோம். சிலருக்குச் சத்தியே வருவதில்லை. சட்டை பட்டாலே மார்பு நோகும், மத்தியானமே கண் சொருகும், அடிக்கடி சலம் போகும், தாளித மணம் ஆகாது. இதில் பாதி மாதவிடாய்க்கு முதலும் வருகிற குணங்கள்தான். அதனால் முதலில் நாளைப் பாருங்கள். நாள் தள்ளினால் எல்லாம் கர்ப்பம் என்றும் இல்லை. தைரொயிட், மனக்கவலை, உடம்பு மெலிதல் எல்லாம் நாளைக் குழப்பும். மற்றப்பக்கம், பால் கொடுக்கிறேன், தங்காது என்று நம்பி ஏமாந்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

கிட் வாங்கினால் விடியப் போகிற முதல் சலத்தில் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் நிமிடக் கணக்குக்குள் கோட்டைப் பார்க்க வேண்டும். மத்தியானம் குப்பைக்கூடையில் இருந்து எடுத்துப் பார்த்துவிட்டு "இப்ப ரெண்டு கோடு தெரியுது" என்று ஓடி வருகிறவர்களும் உண்டு, அந்தக் கோட்டை நம்ப வேண்டாம். ஒரு கோடுதான் வந்து, நாளும் வரவில்லை என்றால் ஒரு கிழமை பொறுத்து இன்னொருக்கால் பாருங்கள்.

நாள் தள்ளியிருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் நோவு, தோள்மூட்டு நோவு, மயக்கம், இரத்தப்போக்கு என்று ஏதாவது வந்தால் எங்களிடம் குளிசைக்கு வராதீர்கள். கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் சூலகக் குழாயிலேயே தங்கியிருக்கக்கூடும். நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

நகைக்கடைக் கலண்டரில் பால் கணக்கு, சீட்டுக்காசு, காஸ் சிலிண்டர் மாற்றின நாள் எல்லாம் குறிக்கிறோம். அதே கலண்டரில் மாதம் ஒரு புள்ளி வைக்க எவ்வளவு நேரம்?

மற்ற மருந்துக்கடைக்காரருக்கும் ஒன்று. கலியாணம் முடித்த ஒரு பிள்ளை ஓங்காளத்துக்குக் குளிசை கேட்டால், கொடுக்க முதல் நாளைக் கேளுங்கள். கவுண்டரில் நிற்கும் பெடியனுக்கு இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், எனக்கும் விளங்குகிறது. எங்கள் கடையில் கேஸ்றிக் குளிசைத் தட்டுக்கு மேலே "கடைசியாக எப்போது வந்தது?" என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். முதலாளி முதலில் முகத்தைச் சுழித்தார். இதுவரை கழற்றவில்லை.

இப்படிக்கு,
மருந்துக்கடைப் பெண் ஒருத்தி,
சுன்னாகம்.