காரைக்குடி போர்டு டிசைனர்களுக்கு ஒரு மடல்

காரைக்குடி வட்டாரத்தில் கடைப் போர்டும் ஃபிளக்ஸும் வடிவமைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். கானாடுகாத்தானிலிருந்து செக்காலை ரோடு வரை இப்போது ஒரே மோஸ்தர். பழைய வீடு ஓட்டலாக மாறினாலும் சரி, புதிதாக மெஸ் திறந்தாலும் சரி, பெயர் தடித்த செரிஃப் எழுத்தில்தான், அதாவது கோட்டு முனைகளில் சிறு பட்டை வைத்த எழுத்தில். எனக்கும் அது பிடிக்கும். தேக்குத் தூணும் சுதை வேலையும் உள்ள முகப்பில் ஒல்லி எழுத்து எடுபடாது. ஆங்கிலத்தை அழகாகத்தான் வைக்கிறீர்கள். தமிழ் என்று வந்தால்தான் அவசரம்.

நீங்கள் அதிகம் எடுப்பது இரண்டு வகை. ஒன்று, போடோனி என்ற ஆங்கில எழுத்துருவின் வழி வந்தது. நெட்டுக்கோடு கனம், படுக்கைக்கோடு மயிரிழை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டனில் விளம்பரத்துக்காக இதை இன்னும் தடிக்க வைத்துவிட்டார்கள். அந்தக் கணக்கை அப்படியே தமிழில் போட்டு ‘செட்டிநாடு’ என்று அடித்துப் பாருங்கள். அதில் ‘ட’ மூன்று முறை வருகிறது. ஒரு நெட்டுக்கோடு, ஒரு படுக்கைக்கோடு, அவ்வளவுதான் ‘ட’. அடிக்கோடு மயிரிழையானால் ரோட்டின் எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு வெறும் குச்சிதான் தெரியும்.

இன்னொன்று கூப்பர் பிளாக் என்ற எழுத்துரு. 1922-இல் சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் செய்தது. முனையெல்லாம் உருண்டிருப்பதால் நம் எழுத்தின் வளைவுகளோடு நன்றாகச் சேரும். ஆனால் அதில் தமிழ் கிடையாது. உடனே கைக்குக் கிடைத்த தமிழ் ஃபான்டை எடுத்து, கோரல் டிரா மென்பொருளில் எழுத்தின் விளிம்பைச் சுற்றி அவுட்லைன் ஏற்றித் தடிக்க வைக்கிறீர்கள். அவுட்லைன் வெளியே மட்டுமா வளரும்? உள்ளேயும் வளரும். ஒரு சேலைக்கடை ஃபிளக்ஸில் ‘கண்டாங்கி’யைப் பார்த்தேன். ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொண்டு, அது இரண்டு சுழியா மூன்று சுழியா என்றே தெரியவில்லை. புள்ளியும் எழுத்தோடு ஒட்டிவிட்டது.

முதலிலிருந்தே தடியாக வரைந்த ஃபான்டை எடுங்கள். ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ ஃபான்டில் மிகத் தடித்த ‘பிளாக்’ வரை கனம் உண்டு, இலவசம். கூப்பர் பிளாக்குக்குப் பக்கத்தில் ‘பலூ தம்பி’ ஃபான்ட் பொருந்தும். செரிஃப் இல்லை, பரவாயில்லை. அப்புறம், கனத்த எழுத்து கடைப் பெயருக்கு மட்டும். போன் நம்பருக்கும் ‘ஏ.சி. வசதி உண்டு’க்கும் சாதாரண எழுத்தே போதும்.

போர்டில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும் என்பது அரசு விதி. அளவில் அதை மீறாமல் பார்த்துக்கொள்கிறீர்கள், சரி. வடிவத்திலும் அதே அக்கறை வேண்டாமா? கோட்டையூர் ரோஜா முத்தையா போர்டு எழுதிப் பிழைத்தவர்தான். அவர் சேர்த்த நூல்கள் சென்னையில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் இருக்கின்றன. கையால் வரைந்த தலைப்புள்ள பழைய அட்டைகளைத் தேடிப் பாருங்கள், சுழிக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

அடுத்த போர்டை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு ஏ4 தாளில் பிரின்ட் எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று ஓனரையே படிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
காரைக்குடி வாசகன்