கட்டிலருகே இருந்தவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான எல்லாருக்கும் மலாவி நாட்டின் பிளான்டயர் நகரிலிருந்து ஸ்தோத்திரம்.

நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் இதை எழுதாமல் கண்ணை மூட மனம் வரவில்லை. என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். எனக்காக முழங்காலில் நின்றவர்களே நீங்கள்தான். அதையெல்லாம் திரும்பச் சொல்லப்போவதில்லை. உயிரோடு இருக்கிறேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அந்த உயிரை அவர் யார் யார் கையில் கொடுத்து வைத்திருந்தார் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

மலாவியில் அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். நர்ஸுகள்தான் போதாது. அதனால் நோயாளி ஒவ்வொருவருக்கும் கூடவே ஒரு ஆள் வேண்டும். 'கார்டியன்' என்பார்கள். சமைத்துக் கொடுப்பது, உடம்பு துடைத்துவிடுவது, துணி அலசுவது, பரிசோதனை முடிவு வந்ததா என்று லேபுக்கு ஓடுவது எல்லாமே அவர் பொறுப்பு. வார்டுக்கு வெளியே கார்டியன்களுக்கென்று ஒரு கொட்டகை உண்டு. பகலில் அங்கே கரி அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். இரவில் இடுப்பில் கட்டியிருக்கும் சிட்டெஞ்சேத் துணியை அவிழ்த்துத் தரையில் விரித்துப் படுத்துக்கொள்வார்கள்.

என்னைச் சேர்த்த இரவு, நர்ஸ் சீட்டு எழுதிக்கொண்டே "கார்டியன் யார்?" என்று கேட்டார். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இந்தக் கண்டத்திலேயே எனக்கு ஒருவரும் கிடையாது. பதில் சொல்லவும் அப்போது வாய் வரவில்லை. என் தலைமாட்டிலிருந்து ஒரு குரல், "நான்தான்" என்றது.

எங்கள் சபையின் ம்வானோவில், அதாவது பெண்கள் ஐக்கிய சங்கத்தில், இருக்கும் ஒரு பாட்டியம்மா. ஆராதனையில் கடைசி வரிசையில் உட்காருவார். காணிக்கைக்காகப் பாடிக்கொண்டே எல்லாரும் முன்னே நடக்கும்போது கடைசியில் மெதுவாக வருவார். எங்களுக்குள் கைகுலுக்கலையும் குசலத்தையும் தாண்டிப் பேச்சு இருந்ததில்லை. யாரும் அவரை அனுப்பவில்லை. என்னைத் தூக்கி ஏற்றிய வண்டியில் தானாகவே ஏறிக்கொண்டாராம்.

அன்றிலிருந்து அவர் வீட்டுக்குப் போகவில்லை. விடியும் முன்னே கொட்டகையில் அடுப்பு மூட்டி, 'பாலா' என்று இங்கே சொல்லும் மக்காச்சோளக் கஞ்சியைக் காய்ச்சுவார். அதில் இடித்த வேர்க்கடலைப் பொடியைக் கலந்து, பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றி, தட்டால் மூடிக்கொண்டு வருவார். கட்டிலுக்குக் கீழே ஒரு பேசினை வைத்து, என் கையைப் பிடித்து நீட்டி, ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றுவார். இங்கே சாப்பாட்டுக்கு முன் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை அது. கஞ்சியை ஊட்டிவிடப்போவது அவர்தான். என் கை அதைத் தொடப்போவதே இல்லை. ஆனாலும் ஒரு வேளைகூட அதை விட்டதில்லை. இரண்டு கையிலும் ஊற்றி, சிட்டெஞ்சே முனையால் விரல் விரலாகத் துடைத்துவிட்ட பிறகுதான் கரண்டியை எடுப்பார். ஊசியும் குழாயுமாக உடம்பு என் வசத்தில் இல்லாமல் கிடந்த நாட்களில், நான் ஒரு கேஸ் அல்ல, அவர் வீட்டு விருந்தாளி என்று எனக்கு நினைப்பூட்டியது அந்தத் தண்ணீர்தான். அதை எழுதும்போது இப்போதும் கண் கலங்குகிறது.

அது எந்த மாதம் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜனவரியும் பிப்ரவரியும் இங்கே பசி மாதங்கள். போன வருஷத்து மக்காச்சோளம் வீட்டில் தீர்ந்திருக்கும். புது அறுவடை ஏப்ரலில்தான். சந்தையில் மாவு விலை வாரத்துக்கு வாரம் ஏறும். பல வீடுகளில் ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்திவிடுவார்கள். அந்த பிப்ரவரியில்தான் அவர் தன் வீட்டு மாவை மூட்டை கட்டி ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தார்.

பஞ்ச காலத்தில் கையிலிருந்த கடைசி மாவில் எலியா தீர்க்கதரிசிக்கு அடை சுட்டுக் கொடுத்த சாறிபாத் விதவையைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன், பிரசங்கங்களும் கேட்டிருக்கிறேன். எல்லாம் அவள் கொடுத்ததைப் பற்றித்தான். அவள் சுட்ட அந்தச் சிறிய அடை எலியாவின் தொண்டையில் எப்படி இறங்கியிருக்கும் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. கொடுப்பதற்கு என்று புறப்பட்டு வந்தவள் நான். கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல், வாயைத் திறக்க மட்டுமே முடிந்த நிலையில் கிடந்தபோதும், இந்தச் சபைக்கு நான் வேண்டியவளாகவே இருந்தேன். அவர்களோடு பாடியும் ஜெபித்தும் வந்த காலமெல்லாம் சேர்ந்து காட்டாத சபையை அந்தக் கட்டிலில் கண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அவரிடம், "உங்கள் பெயரைப் போட்டு எங்கள் ஜனங்களுக்கு எழுதப்போகிறேன்" என்றேன். வேண்டவே வேண்டாம் என்றார். 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் வந்தபோது, சோச்சே மலைச்சரிவில் மண் இறங்கி இந்த ஊர்ச் சிலோப்வே பகுதியில் வீடுகள் புதைந்தனவே, அதில் இவர் வீடும் போயிற்று. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். "அங்கே எங்களுக்குக் கஞ்சி கொண்டுவந்தவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. அதை யார் எழுதினார்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அதனால் இந்த மடலில் அவர் பெயர் இல்லை.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 1875-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மிஷனரிகள் மலாவி ஏரிக்கரையில் கேப் மக்ளியரில் குடியேறினார்கள். காய்ச்சல் அவர்களில் பலரைக் கொண்டுபோயிற்று. 1881-ல் மிஷனையே அதே ஏரிக்கரையில் உள்ள பண்டாவேக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கல்லறைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. அவர்களுக்கும் காய்ச்சலில் உதடு உலர்ந்திருக்கும். யாரோ நனைத்திருப்பார்கள். மிஷன் சரித்திரத்தில் அந்தக் கைகளுக்கு ஒரு பக்கம்கூட இல்லையே என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். அந்த மழை இரவில் வண்டி ஓட்டிய தம்பி. வேலைக்குப் போகும் முன் தினமும் வந்து ஜெபித்த மூப்பர். ரத்தம் கொடுத்த இறையியல் மாணவர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து சீருடையோடு நேராக வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று பாடிய பாடகர் குழுப் பிள்ளைகள். பாட்டியம்மா கொஞ்சம் தூங்கட்டும் என்று முறை போட்டு மாற்றிவிட்ட ம்வானோ சகோதரிகள். பழக்கமே இல்லாமல் கம்பளி அனுப்பிய லிம்பே கடைக்காரக் குடும்பம். இரவெல்லாம் கால் ஓயாமல் நடந்த நர்ஸுகள். ஒவ்வொருவருக்கும் தனி மடல் எழுத வேண்டியவள் நான். இப்போதைக்கு இதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஜெபப் பங்காளர்களே, தேவைப்பட்டால் ஜோகன்னஸ்பர்க் கொண்டுபோகலாம் என்று நீங்கள் அவசரமாகத் திரட்டிய பணம் செலவாகவில்லை. உங்களுக்குச் சம்மதம் என்றால், ஏப்ரல் அறுவடை வரைக்கும் கார்டியன் கொட்டகைக்கு மாவு வாங்கிக் கொடுக்க அதைப் பயன்படுத்த நினைக்கிறேன். பதில் எழுதுங்கள். கணக்கை மூப்பர்கள் பார்த்து அனுப்புவார்கள்.

ஒரு பொருத்தனையும் பண்ணியிருக்கிறேன். என் வார்டில் கார்டியன் இல்லாத ஒரு பெண் இருந்தாள். யாராவது மீந்ததைக் கொடுத்தால்தான் அவளுக்குச் சாப்பாடு. அப்படிப்பட்டவர்களுக்கு முறை வைத்துக் கூட இருக்க ம்வானோ ஒரு பட்டியல் எழுதுகிறது. டாக்டர் அனுமதி கொடுத்ததும் நானும் வருகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டேன். ஆள் கிடைக்காத இரவு முறையைக் கேட்டிருக்கிறேன். பாலா காய்ச்சப் பாட்டியம்மா கற்றுத்தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் மிஷனரி சகோதரி