பச்சை லைட் எரிந்தால் மட்டும் போதாது

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்குத் தென்காசியிலேயே வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். தை மாதம்தானே, எப்படியும் வந்துவிடுவேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்குத்தான் முழங்கால் வலி, மாடிப்படியைப் பார்த்தாலே பயம்.

சரி, மோடம் விஷயம். தங்கச்சி மகன் பின்பக்க ஓட்டையில் குண்டூசியை விட்டு அழுத்தியதிலிருந்து நெட் இல்லை, ஆனால் டிஎஸ்எல் (டெலிபோன் கம்பி வழி இன்டர்நெட்) லைட் மட்டும் பச்சையாகவே எரிகிறது என்று எழுதியிருந்தாய். லைனில் ஒரு குறையும் இல்லை. அவன் அழுத்தியது ரீசெட் பட்டன். உள்ளே போட்டிருந்த செட்டிங் எல்லாம் அழிந்து, கம்பெனியில் இருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிட்டது. லைன்மேனைத் திட்டாதே.

அந்தப் பச்சை லைட்டுக்கு ஒரே அர்த்தம்தான்: உன் மோடமும் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் டிஸ்லாம் என்ற எதிர்முனைப் பெட்டியும் தாமிரக் கம்பி வழியே ஒன்றையொன்று கண்டுகொண்டன. அதற்கு மேல் ஒரு தடம் வேண்டும். அதைத்தான் பிவிசி, அதாவது நிரந்தர மெய்நிகர் சர்க்யூட் என்கிறோம். உன்னுடையது போன்ற ஏடிஎஸ்எல் லைனில் தரவு ஏடிஎம் செல்கள் என்ற சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும் (பணம் எடுக்கிற ஏடிஎம் இல்லை). ஒரு செல்லுக்கு 53 பைட். அதில் 5 பைட் தலைப்பு, மீதி 48 பைட்தான் சரக்கு. தலைப்பில் வி.பி.ஐ., வி.சி.ஐ. என்று இரண்டு எண்கள் இருக்கும். டிஸ்லாமில் உன் போர்ட்டுக்கு எந்த ஜோடி எழுதியிருக்கிறதோ அதே ஜோடி மோடத்திலும் இருந்தால்தான் செல் உள்ளே போகும். இல்லாவிட்டால் சத்தமே இல்லாமல் கீழே போட்டுவிடும்.

உன்னுடையது பிஎஸ்என்எல் லைன், அதனால் வி.பி.ஐ. 0, வி.சி.ஐ. 35. எம்டிஎன்எல் 0, 32 வைத்திருந்தது, ஏர்டெல் 1, 32. இலங்கை டெலிகாமுக்கு 8, 35. உன் மோடம் ரீசெட் ஆனதும் எந்த ஊர் எண்ணுக்குப் போனதோ! இரண்டாவது எண் எல்லாமே 32 அல்லது அதற்கு மேலே ஏன் என்றால், வி.சி.ஐ.யில் 0 முதல் 31 வரை ஏடிஎம்மின் சொந்த வேலைகளுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். கம்ப்யூட்டரை லேன் கேபிளில் மோடத்தோடு இணைத்து, பிரவுசரில் 192.168.1.1 என்று அடி. 'வேன்' (WAN) என்ற பக்கத்துக்குப் போய் வி.பி.ஐ.க்கு 0, வி.சி.ஐ.க்கு 35 போடு. என்கேப்சுலேஷன் எல்எல்சி, கனெக்‌ஷன் பிபிபிஓஇ. அங்கே விசி மக்ஸ் என்று இன்னொன்றும் இருக்கும், அதைத் தொடாதே. எண் சரியாக இருந்தும் அது மாறினால் நெட் வராது. கியூஓஎஸ் என்ற இடத்தில் யூபிஆர் இருக்கும், இருக்கட்டும். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு சேவ் பண்ணி ரீபூட் கொடு.

அப்புறமும் வராவிட்டால் மோடம் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் 'லாக்' (log) பக்கத்தைப் பார். பாஸ்வேர்டு தப்பு என்று வந்தால் பாதி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள். உன் செல் எதிர்முனையைத் தொட்டுவிட்டது, பதிலும் வந்திருக்கிறது. பதிலே இல்லாமல் டைம் அவுட் ஆனால்தான் எண்களைத் திரும்பப் பார்க்க வேண்டும். டயக்னாஸ்டிக் பக்கத்தில் ஓஏஎம் எஃப்5 என்று ஒரு சோதனை இருக்கும். பாஸ் ஆனால் எண் சரி. ஃபெயில் ஆனால் உடனே முடிவு கட்டாதே, சில டிஸ்லாம்கள் அதற்குப் பதிலே சொல்லாது.

செல்லில் சரக்கு ஏன் 48 பைட் என்று நீ நிச்சயம் கேட்பாய். அமெரிக்கர்கள் 64 கேட்டார்கள், ஐரோப்பியர்கள் 32 கேட்டார்கள், நடுவில் 48 என்று முடித்துவிட்டார்கள். செல் பெரிதாக இருந்தால் அது நிரம்பும்வரை குரல் காத்திருக்க வேண்டும், பேச்சில் எதிரொலி கேட்கும் என்பது ஐரோப்பியர்களின் பயம். டெலிபோன்காரர்கள் குரலை நினைத்துப் போட்ட கணக்கு அது, அதில்தான் உன் வீட்டில் சினிமா ஓடுகிறது. இந்தத் தலைப்புக்கே 100க்கு 9க்கு மேல் போய்விடுவதால், மோடம் 8192 கேபிபிஎஸ் என்று காட்டினாலும் வேகச் சோதனையில் 7 எம்பிபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில்தான் வரும். அதைப் பார்த்து யாரையும் சந்தேகப்படாதே. எனக்கென்னவோ இந்த ஏற்பாட்டின் மேல் இன்னும் ஒரு மரியாதை உண்டு. ஒவ்வொரு செல்லிலும் போகிற தடம் எழுதியிருக்கும், தப்பு எங்கே என்று தேடினால் அகப்படும்.

2005 தொடக்கத்தில் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்த புதிதில் இந்த 0, 35-ஐ எத்தனை வீட்டுக்கு போனிலேயே சொல்லியிருப்பேன்! உங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்தால் யோசிக்காமல் மாற்றிவிடு, அங்கே இந்த எண்களுக்கு வேலையே இல்லை.

மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் பிடித்து அனுப்பு, பிறகு போனில் பேசிக்கொள்ளலாம். அட்மின் பாஸ்வேர்டை மட்டும் மாற்றி வை, பையன் கண்ணில் படாமல் எழுதி வை. அம்மாவுக்கு என் வணக்கம் சொல். மண்டபம் முடிவானதும் தேதியை எழுது, நான் ரயில் டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
ராமு